அக்காவின் வயிறு எங்கே போனது?

அக்காவுக்கு எடை குறைக்கும் ஆபரேஷன் முடிந்த மறுநாள் அம்மா ஊரில் இருந்து வந்தாள். திண்டிவனத்தில் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து நேராக வார்டுக்கு. அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையை விலக்கி வயிற்றில் இருந்த ஐந்து சின்னப் பிளாஸ்திரிகளை எண்ணினாள். வலிக்குதா என்று கேட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எடுத்த வயிறு எங்கடி?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ்தான், "அது லேபுக்குப் போயிருக்கும்மா" என்றார். அம்மா "அப்புறம்?" என்று கேட்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த "அப்புறம்?" மூன்று வருடமாக என்னோடு இருக்கிறது.

அம்மா கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் வீட்டில் உடம்பில் இருந்து பிரிந்த எதையும் சும்மா விட்டதில்லை. அக்கா பிறந்தபோது நஞ்சுக்கொடியைத் தாத்தா தோட்டத்தில் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்து, நாய் கிளறாமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தாராம். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டினார்கள். பால்பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம். முதல் முடி குலசாமிக்கு. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு வயதில் நானும் பேசியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உடம்பில் இருந்தது எதுவானாலும் அதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அது, அவ்வளவுதான். பெரம்பூரில் எங்கள் தெருவில் ஒரு பாய்க்குச் சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது, அவருடைய மகன் அந்தக் காலைக் கேட்டு வாங்கி, துணி சுற்றிக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். யாரும் அதை வினோதமாகப் பார்க்கவில்லை. கால் என்றால் புரிகிறது. வயிறு என்றால் ஏன் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை?

அக்காவுக்குச் செய்தது ஸ்லீவ், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து எடையைக் குறைக்கும் ஆபரேஷன். அவள் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை 112 கிலோ. சர்க்கரை, ரத்த அழுத்தம், படுத்தால் மூச்சு முட்டல், முப்பத்தொன்பது வயதில் மாடிப்படிக்குப் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக வைத்து ஏறும் முழங்கால். டயட், நடை, மாத்திரை எல்லாம் பத்து வருடம் பார்த்தாகிவிட்டது. கல்லீரல் சுருங்குவதற்காக ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் புரோட்டீன் பவுடரும் சூப்புமாக இருந்தாள். அதைப் பற்றி இவ்வளவு போதும். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பார்.

தட்டில் இருந்தது

தியேட்டர் இருந்தது மூன்றாவது மாடியில். வெளியே இரும்பு நாற்காலி வரிசை, சுவரில் ஒரு பிள்ளையார் படம், ஒரு மாதா படம். மாமா பில் கட்டக் கீழே போயிருந்தார். கதவு பாதி திறந்து, அக்காவின் பெயரைச் சொல்லி "அட்டெண்டர் யாரு?" என்று குரல் வந்தது. எழுந்து போனேன். பச்சை கவுன், தலையில் தொப்பி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்ட டாக்டர். கையில் சிறுநீரக வடிவ ஸ்டீல் தட்டு. "நல்லபடியா முடிஞ்சுது. இதுதான் எடுத்தது, பாருங்க" என்று தட்டை என் பக்கம் சாய்த்தார்.

பார்த்தேன். காற்று போன நீள பலூன் மாதிரி, ஒரு பக்கம் வளைந்து, மடங்கிக் கிடந்தது. சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. மேலே மெல்லிய ரத்த நாளங்கள். உள்வளைவு முழுக்க, தையல் மெஷினில் அடித்தது போல நெருக்கமாகப் பின் வரிசை, ட்யூப்லைட் பட்டு மின்னியது. அகலமான முனையில் மட்டும் மஞ்சளாகக் கொஞ்சம் கொழுப்பு ஒட்டியிருந்தது, சுண்டைக்காய் அளவுக்கு. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் இதில் இருக்கிறது என்றார் டாக்டர். உள்ளே விட்டிருப்பது வாழைப்பழம் பருமனில் ஒரு குழாய். கால் கிலோகூடத் தேறாது தட்டில் இருந்தது. "பயாப்ஸிக்கு அனுப்பறோம்" என்று ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். கதவு மூடிக்கொண்டது. மாமா மேலே வந்து "என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது "நல்லா முடிஞ்சுதாம்" என்று மட்டும் சொன்னேன். தட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. அவள் விழித்ததும் கேட்டது தண்ணீர். அதுவும் அன்றைக்குக் கொடுக்கக் கூடாது. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டேன்.

அந்தத் தட்டு அப்புறம் எங்கே போனது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி பேத்தாலஜி டாக்டர். அவளை உட்கார வைத்துக் கேட்டேன். எடுத்ததை, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் போடுவார்கள். மேலே பெயர், வயது, உள்நோயாளி எண். ஃபார்மலினில் ஊற ஊறச் சதை வெளுத்து விறைத்துவிடும். லேபில் அதைப் பலகைமேல் வைத்து நீளம் அகலம் அளந்து, திறந்து, உள்பக்கத்து மடிப்புகளை விரலால் தடவிப் பார்ப்பார்கள். கட்டி, புண், நிறமாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று. யாரும் எதிர்பார்க்காத சின்னக் கட்டி சில சமயம் அகப்படுமாம். அதற்குத்தான் இவ்வளவு பாடு. பிறகு சில இடங்களில் மட்டும் துணுக்கு வெட்டி எடுத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவார்கள். உயிரணுக்களின், அதாவது செல்களின், உட்கரு ஊதாவாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். அக்காவின் ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வந்தது. லேசான நாள்பட்ட இரைப்பை அழற்சி, ஹெச் பைலோரி கிருமி இல்லை, புற்றுநோய் இல்லை. மாமா ரிப்போர்ட்டைப் பூஜை அறையில் வைத்துவிட்டு ஃபைலில் போட்டார்.

"மெழுகில் வெச்சதை என்ன செய்வீங்க?" என்றேன். "அது இருக்கும். பிளாக்குன்னு சொல்வோம், நம்பர் போட்டு வருஷக்கணக்கா அடுக்கி வெச்சிருப்போம்" என்றாள் தோழி. எனக்குச் சிலிர்த்தது. அக்காவின் வயிற்றில் ஒரு துணுக்கு இதே ஊரில் ஏதோ ஓர் அலமாரியில், இழுப்பறையில், எண்ணோடு இருக்கிறது.

மஞ்சள் பை

மிச்சம்? ரிப்போர்ட் கொடுத்த பிறகு, டாக்டர்கள் சந்தேகம் கேட்டால் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சில வாரம் டப்பாவிலேயே வைத்திருப்பார்கள். அப்புறம் மஞ்சள் பை. ஆஸ்பத்திரியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று டப்பா டப்பாவாக வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 சொல்கிறபடி மனித உடலில் இருந்து எடுத்த திசு, உறுப்பு எல்லாம் மஞ்சளில்தான் போக வேண்டும். பைக்குப் பார்கோடு உண்டு. கழிவு என்று கட்டிய பையை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூடிய வண்டி வந்து எடைபோட்டு ஏற்றிக்கொண்டு, பல ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவாக ஊருக்கு வெளியே இருக்கும் நிலையத்துக்குப் போகும். அங்கே எரியுலை. இரண்டு அறைகள். முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி, அதில் கிளம்பும் புகை இரண்டாவது அறையில் 1050 டிகிரி சூட்டில் இரண்டு விநாடியாவது தங்கி வெந்து போக வேண்டும். மிஞ்சும் சாம்பலைக் குப்பைமேட்டில் கொட்ட முடியாது. அதற்கென்று அடியில் கசியாதபடி கட்டிய குழிக்குப் போகிறது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "எரிச்சாங்களா?" எரித்தார்கள் என்றேன். தலையை ஆட்டினாள். மண்ணோ நெருப்போ, ஒன்றில் சேர்ந்தால் அவளுக்குச் சரி. குப்பையில் கிடக்கக் கூடாது. அன்றோடு அம்மாவின் கேள்வி முடிந்தது. என்னுடையது முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் வேறொன்று நடந்திருந்தது.

மொட்டைமாடி

2023இல் எங்கள் சித்தி மகளுக்குச் சீமந்தம், வில்லிவாக்கத்தில் ஒரு மண்டபம். ஆபரேஷன் நடந்து ஒன்றரை வருடம். அக்கா 76 கிலோவுக்கு வந்திருந்தாள். 36 கிலோ குறைந்திருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு கடையில் தைத்து வைத்த ரவிக்கையை வாங்கிப் போட்டிருந்தாள். வளையல் போட வரிசையில் நின்றவளைப் பார்த்து ஒரு பெரியம்மா சத்தமாகவே சொன்னார்: "இவளுக்கென்ன, காசு கொடுத்து கொழுப்பை வெட்டி எடுத்துட்டா. நாமதான் நடையா நடக்கிறோம்." சிலர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சாப்பிடும்போது இலையில் வைத்த கைப்பிடிச் சோற்றில் பாதிதான் இறங்கியது, வழக்கம்போல. அதையும் அந்தப் பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இருவரும் மொட்டைமாடிக்குப் போனோம். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. தண்ணீர் டேங்க் திண்ணையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து, "நீ பார்த்தியாமே?" என்றாள். எதை என்று எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் செக்கப்பில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், "உங்க தங்கச்சிகிட்ட காட்டினோமே" என்று. "எப்படி இருந்துச்சு?" என்றாள். நான் சொன்னேன். நிறம், வளைவு, பின் வரிசை, சுண்டைக்காய் அளவு மஞ்சள், எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டாள். "தொட்டுப் பார்த்தியா?" இல்லை என்றேன். "சூடா இருந்திருக்கும் இல்ல?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. "என்னோட வயிறு. நாப்பது வருஷமா அம்மா போட்ட சோறெல்லாம் அதுக்குள்ளதானே போச்சு. நீ பார்த்திருக்கே, டாக்டர் பார்த்திருக்கார், லேப்ல யாரோ பார்த்திருக்காங்க. நான் மட்டும் பார்க்கல" என்றாள். பிறகு, "கொழுப்பையா வெட்டினாங்க? அப்ப இந்த 36 கிலோ எங்க போச்சு? அதையும் யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவளுக்கு அன்றிரவு நான் சொல்லத் தெரியாமல் சொன்னதைத்தான் இங்கே தெரிந்து சொல்கிறேன். அந்தப் பெரியம்மா சொன்னது பொய். இந்த ஆபரேஷனில் கொழுப்பை எடுப்பதே இல்லை. தோலுக்கு அடியில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுகிற லைபோசக்‌ஷன் வேறு. அது உருவத்தைத் திருத்தச் செய்வது, எடை நோய்க்கு வைத்தியம் இல்லை. ஸ்லீவில் போவது இரைப்பை மட்டும். எடை குறைக்கவே செய்யும் இன்னொரு ஆபரேஷன் இரைப்பை பைபாஸ், அதில் இரைப்பைகூட வெளியே வராது. ஒதுக்கிவிட்ட இரைப்பை உள்ளேயே உயிரோடு இருந்து அமிலம் சுரந்துகொண்டிருக்கும். ஸ்லீவில் வெட்டுகிற மேல்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். ஆக, தட்டில் இருந்தது பெரும்பாலும் அக்காவின் பசி. கொழுப்பு அன்றைக்கு அவள் உடம்பிலேயேதான் இருந்தது, முழுசாக.

மூச்சில் போனது

அப்புறம் அது எங்கே போனது? வியர்வையில், மலத்தில், சூடாக மாறி என்று நானும் நினைத்திருந்தேன். 2014இல் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். டாக்டர்கள், டயட்டீஷியன்களிடம் கேட்டபோது அவர்களிலேயே பலர் தப்பாகச் சொன்னார்களாம். கொழுப்பில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் பிரிகிறது. 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ மூக்கு வழியாகக் கரியமில வாயுவாகப் போகிறது. மிச்சம் 1.6 கிலோ தண்ணீர். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எதில் வேண்டுமானாலும் போகலாம்.

அக்காவின் 36 கிலோவில் தசையும் நீரும் போக 30 கிலோ கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். அதை எரிக்க அவள் 87 கிலோ ஆக்சிஜனை உள்ளே இழுத்திருக்க வேண்டும். அந்த ஆக்சிஜனின் எடையும் சேர்ந்துகொள்வதால், 84 கிலோ கரியமில வாயுவை வெளியே விட்டிருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போது ஒரு மூச்சில் போவது 9 மில்லிகிராம் கார்பன்தான். வேகவேகமாக மூச்சு விட்டால் கூடுதலாகப் போகாது, தலைதான் சுற்றும். உடம்பு எரித்ததைத்தான் மூச்சு வெளியே கொண்டுபோகும். அப்படியென்றால் எத்தனை லட்சம் மூச்சு! முரசொலி மாறன் பூங்காவில் காலை ஐந்தரைக்கு அவள் சுற்றிய சுற்றெல்லாம், 29சி பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போனதெல்லாம், என் பக்கத்தில் படுத்துத் தூங்கிய இரவெல்லாம் அது போய்க்கொண்டிருந்தது. எரியுலைக்கு ஆயிரம் டிகிரி வேண்டியிருக்கிறது. அவள் உடம்பு 37 டிகிரியில், பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாமல், எரித்துவிட்டது.

வலியில்லாமல் எரியவில்லை. முதல் வாரம் தெளிநீர் மட்டும். இளநீர், வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர், ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர், அதையும் ஒவ்வொரு வாயாக. பிறகு மிக்சியில் அடித்தது. பிறகுதான் குழைந்த இட்லி. நான்காவது மாதம் முடி கொட்டியது, குளியலறையில் தண்ணீர் போகும் சல்லடையில் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு. திரும்ப வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியும் அவள் அதைச் சுருட்டிக் காகிதத்தில் மடித்து வைத்தாள், அம்மா மாதிரியே. வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும் என்று ஆறு மாதம் மாத்திரை. பி12 ஆயுளுக்கும். இதை எல்லாம் ஒருத்தி செய்து முடித்த பிறகு, வெட்டி எடுத்துவிட்டாள் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

இன்னொன்றும் உண்டு. கொழுப்பு போகிறது, அதை வைத்திருந்த உயிரணுக்கள் போவதில்லை. ஸ்வீடனில் 2008இல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் ஆனவர்களிடம் கொழுப்பு உயிரணுக்களின் எண்ணிக்கை குறையவே இல்லை, ஒவ்வொன்றும் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். வருடத்துக்குப் பத்தில் ஒன்று செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. காலிப் பைகள் மாதிரி அவை அக்காவின் உடம்பில் காத்திருக்கின்றன. தளர்ந்து தொங்கும் கைத் தோலையும் அவள்தான் சுமக்கிறாள். அதை எடுக்க வேண்டுமானால் இன்னொரு ஆபரேஷன், அழகுக்குச் செய்வது என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும். 76 கிலோவில் நிற்பது என்பது ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை.

ஆஸ்பத்திரிமேல் எனக்குக் கோபம் இல்லை. அக்காவை உயிரோடும் நலமாகவும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் சம்மதப் படிவத்தை அப்புறம் எடுத்துப் படித்தபோது அதில் ஒரு வரி இருந்தது. அகற்றும் திசுக்களை ஆஸ்பத்திரி நடைமுறைப்படி அப்புறப்படுத்தச் சம்மதம் என்று, ஆங்கிலத்தில். அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கீழே சாட்சியாக நானும். யாரும் அந்த வரியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல அரை நிமிடம் ஆகும். "இதை எடுக்கப் போறோம், இங்க அனுப்புவோம், இப்படி எரிப்போம், உங்களுக்குப் பார்க்கணுமா?" என்று கேட்க இன்னொரு அரை நிமிடம். வேண்டாம் என்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அக்கா வேண்டும் என்றிருப்பாள். ஒரு போட்டோவாவது எடுத்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லையே என்று இப்போதும் வருந்துகிறேன்.

போன வருடம் அக்காவுக்கு நெஞ்செரிச்சல் அதிகமானது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் மேலேறுவது உண்டு. கீழ்ப்பாக்கத்தில் வேறொரு டாக்டர் எண்டோஸ்கோப்பி செய்தார், பழைய பயாப்ஸியையும் ஒருமுறை பார்த்துவிடலாம், ஸ்லைடும் பிளாக்கும் வாங்கி வாருங்கள் என்று கடிதம் கொடுத்தார். லேபில் ஒரு பையன் பதிவேட்டைப் பார்த்து, உள்ளே போய், கால் மணி நேரத்தில் கொண்டுவந்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, திரும்பத் தரணும் என்று சொல்லிக் கவரை நீட்டினான். பஸ் ஸ்டாப்பிலேயே அக்கா அதைப் பிரித்தாள். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் வில்லை, ஓரத்தில் எண், வெள்ளை மெழுகு, நடுவில் வெல்லக் கலரில் நகத்தளவு ஒரு கோடு. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.

மறுநாள் காலைதான் டாக்டரிடம் கொடுக்க வேண்டும். அன்று ராத்திரி அம்மாவும் வீட்டில் இருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெழுகு வெயிலில் உருகிவிடாதே என்று கேட்டாள். பிறகு பீரோவைத் திறந்து, லாக்கரில் அக்காவின் பழைய வெள்ளித் தாயத்து இருக்கும் மஞ்சள் துணி முடிச்சுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.